மூன்றாவது பொட்டலம்

"இந்த லீவரைக் கட்டை விரலால அமுக்குனாப் போதுமுங்கண்ணா, வண்டி பறக்கும்" என்றான் கடைக்காரப் பையன் யோகேஷ்.

நவநீதகிருஷ்ணன் குதிரை மேல் ஏறுகிறவர் போலக் காலைத் தூக்கிப் போட்டு அந்தக் குவாட் பைக்கில் உட்கார்ந்தார். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது கடை. வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டுமே சாலையில் ஓட்டுவதற்கானவை அல்ல. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், கரட்டுப் பாறைகளிலும் ஏரி மணலிலும் இறக்கி ஓட்டுவதற்கானவை. ஒன்று குவாட்: நாலு தடித்த சக்கரங்களின் மேல் ஒற்றை ஆள் உட்காரும் பைக். இன்னொன்று பக்கி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள், கார் ஸ்டீயரிங், மார்புக்குக் குறுக்கே பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு.

சாரதாமணி வண்டிகளைப் பார்க்கவில்லை. லீவரின் மேல் இருந்த கணவரின் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விரலை அவள் ஒரு வருடமாகப் பார்த்து வருகிறாள். முதல் தடவை சாப்பாட்டுத் தட்டின் முன்னால். ரசம் ஊற்றப் போனவள், அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். கூப்பிட்டாள். பதிலில்லை. வலது கட்டை விரல் மட்டும் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஏதோ கறையைத் துடைப்பதுபோல, நிதானமாக, திரும்பத் திரும்ப. கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து, "ரசம் ஊத்து புள்ள, என்ன நிக்கிற?" என்றார்.

"கூப்புடக் கூப்புடக் கல்லாட்டம் உக்காந்திருந்தீங்களே?"

"நானா? உனக்குத்தான் கெனா."

பிறகும் அப்படி நடந்தது. தன் கடையில் பில் போடும்போது சட்டைப் பித்தானைத் தேய்த்தார். டிவி முன்னால் ரிமோட்டைத் தேய்த்தார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கேயும் போகாத மனிதனிடம் எங்கே போயிருந்தாய் என்று எப்படிக் கேட்பது? சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று இரண்டு முறை சொன்னாள். சிரித்தார். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. அதோடு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்த நிறுத்தம் வீட்டில் ஒரு பொருளைப் போல இடம் பிடித்துக்கொண்டது.

ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டிகளோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று இருபது வருடம் அலைந்தவர் அவர். இப்போது மல்லசமுத்திரத்தில் வீட்டுக்குக் கீழேயே ரிக் உதிரிபாகக் கடை. மாடிப்படி இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. ஸ்கூட்டர்கூட எப்போதாவதுதான். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. அந்த நேரத்தில்தான் அவருடைய பழைய கூட்டாளி காளிதாஸ் ஒரு குவாட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கரட்டில் ஏறி இறங்கி, வீடியோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தான்.

யோகேஷின் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு.

"குவாடுன்னா ஒடம்பும் வண்டியும் ஒண்ணாச் சாயோணும் புள்ள. சந்துல பொந்துல நுழையும். பக்கி அகலம். கார்ல போற மாதிரி உக்காந்துட்டுப் போறதுக்கு எதுக்குக் கரட்டுக்குப் போவோணும்?"

"பக்கின்னா ரெண்டு பேரும் போலாமில்லீங்க? பெல்ட்டு இருக்குது. கவுந்தாலும் கூண்டு தாங்கும்னு அந்தத் தம்பி சொல்லுச்சே."

"நீ வரப்போறியாக்கும்! ஸ்பீடு பிரேக்கர்ல ஸ்கூட்டர் ஏறுனாலே மாரியாத்தா காளியாத்தான்னு எல்லாச் சாமியவும் எழுப்பி உடுற ஆளு."

போனில் காளிதாஸ் வேறு: "மாப்ள, பக்கி வாங்குனீன்னா கைத்தடி வெக்க ஒரு ஸ்டாண்டும் சேத்து வாங்கிக்க."

நவநீதகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முடிவு வரவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ தயக்கம் இருந்திருக்க வேண்டும். கடைசியில், "அம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாம்" என்றார்.

அவர்கள் எல்லாவற்றுக்கும் பூக் கேட்கிறவர்கள். கல்யாணத்துக்குக் கேட்டார்கள். ரிக் வாங்கியபோது கேட்டார்கள். கடை வைக்கவும் கேட்டார்கள். இரண்டு இலைப் பொட்டலங்களில், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. எது எதற்கென்று மனதில் வைத்துக்கொண்டு அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எடுத்தது வாக்கு. அதை மீறி அந்த வீட்டில் யாரும் எதுவும் செய்ததில்லை.

"வெள்ளை குவாடு, செவப்பு பக்கி" என்றார் அவர். "நீயே மடிச்சு எடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை காலை. சாரதாமணி சமையலறையில் வெள்ளை நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள். லீவரின் மேல் இருந்த விரல் ஞாபகம் வந்தது. கரட்டின் மேல், பாறை விளிம்பில், அந்த விரல் தேய்க்க ஆரம்பித்தால்? குவாடில் அவர் தனி ஆள். பக்கியிலாவது அவள் பக்கத்தில் இருப்பாள். பார்த்துக்கொள்வாள்.

இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்து மடித்தாள். நூல் சுற்றினாள். நந்தியாவட்டையை ஜன்னலுக்கு வெளியே வீசினாள்.

கோயிலில் பூசாரி பெரியசாமி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். "செவப்புங்க சாமி. அம்மன் மனசாரச் சொல்லிட்டா."

நவநீதகிருஷ்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஏமாற்றத்தைவிட ஒரு விடுதலைதான் தெரிந்தது. பிரிக்காத பொட்டலத்தை சாரதாமணி சட்டென்று எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீசியெறிய நினைத்தாள். முடியவில்லை. அம்மனிடமிருந்து பதிலைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் அவள். அதை எந்தக் குப்பையில் போடுவது?

அடுத்த வாரம் முழுக்க அவளுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. பக்கியில் ஏதாவது ஆனால் அது அம்மன் சொன்னதாக இருக்காது. அவள் சொன்னதாக இருக்கும்.

ஓட்டிப் பார்க்க அந்த வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தான் யோகேஷ். கடைக்குப் பின்னால் பெரிய பொட்டல். அங்கங்கே மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். கடைசியில் பழைய லாரி டயர்களை அடுக்கி ஒரு வரம்பு. அதற்கு அப்பால் வறண்ட ஓடைப் பள்ளம்.

"அக்காவும் ஏறுங்க. பெல்ட்டு டைட்டா இருக்குதுங்களா? கம்பியப் புடிச்சுக்கங்க" என்றான் யோகேஷ். சாவி இருவருக்கும் நடுவே, டேஷ்போர்டில் இருந்தது.

முதல் மேட்டில் ஏறும்போது சாரதாமணி உண்மையாகவே கத்தினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சாமியெல்லாம் எந்திரிச்சாச்சா?" இரண்டாவது மேட்டில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் முகம் இருபது வருடம் பின்னால் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு கணம் பயம் விட்டது. நல்லது செய்திருக்கிறோம் என்றுகூட நினைத்தாள்.

மூன்றாவது மேட்டிலிருந்து இறங்கி, சமதளத்தில் வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. அவள் திரும்பவில்லை. முதலில் விரலைத்தான் பார்த்தாள்.

கட்டை விரல் ஸ்டீயரிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க."

பதிலில்லை. கண் திறந்திருந்தது. கால் பெடலில் அப்படியே இருந்தது. டயர் வரம்பு நேர் எதிரே வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க! ஏனுங்க!"

அவள் கால் தானாகவே கீழே மிதித்தது. அவள் பக்கத்தில் பிரேக் இல்லை. வெறும் தகடு. பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கலாம்; பார்க்க மட்டும்தான் முடியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாவியை நோக்கிப் பாய்ந்தாள். பெல்ட் இழுத்துப் பிடித்தது. பின்னால் சாய்ந்து, மறுபடி மெதுவாகக் கையை நீட்டி, சாவியைத் திருகினாள்.

எஞ்சின் அடங்கியது. வண்டி முனகிக்கொண்டே ஓடி, டயர்களில் பொத்தென்று மோதி நின்றது. மேல் டயர் ஒன்று உருண்டு ஓடைக்குள் விழுந்தது. அது விழுந்து அடங்கும் சத்தம் வரை அவள் மூச்சு விடவில்லை.

தூரத்தில் யோகேஷ் ஓடி வருவது தெரிந்தது.

நவநீதகிருஷ்ணன் கண்ணைச் சிமிட்டினார். "ஏம்புள்ள ஆப் பண்ணுன? நல்லாத்தான போயிட்டிருந்துச்சு?" பிறகு எதிரே இருந்த டயர்களைப் பார்த்தார். திரும்பி, மூன்றாவது மேடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று பார்த்தார். இடையில் இருந்த தூரம் அவரிடம் இல்லை.

சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். நூலை அவிழ்த்தாள். சருகான இலைக்குள் செவ்வரளி வாடிக் கறுத்திருந்தது. ஆனாலும் சிவப்பு என்று தெரிந்தது.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வெள்ளையே வெக்கலியா?"

"இல்லீங்க."

"அம்மன்கிட்டயே..."

"ஆமாங்க. குவாடுக்கு இந்தக் கட்டை வெரல்தானுங்க எல்லாம். அதான் பயந்துட்டு இப்புடிப் பண்ணிட்டனுங்க. வெள்ளையோ செவப்போ, ரெண்டு பொட்டலத்துலயும் வண்டிதானுங்க இருந்துச்சு. வண்டியே ஓட்டலாமான்னு கேக்க மூணாவது ஒண்ணு வெச்சிருக்கோணும். எனக்குத் தைரியம் வரல."

யோகேஷ் மூச்சிரைக்க வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்தான். "அடி ஒண்ணும் இல்லீங்களே அண்ணா? பிரேக்கு மேல கால் வைக்கலீங்களா? பரவால்லீங்க, பழகப் பழகச் சரியாயிரும். இதுக்குத்தான் பக்கின்னு சொன்னேன், பாருங்க, ஒரு கீறல் இல்லே. இதையே முடிச்சுரலாமுங்களா?"

நவநீதகிருஷ்ணன் பெல்ட்டைக் கழற்றினார். டேஷ்போர்டிலிருந்து சாவியை உருவி அவன் கையில் வைத்தார்.

"நீ ஓட்டிட்டு வா தம்பி. நாங்க நடந்து வாரோம்."

இருவரும் மண்மேடுகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பாதி தூரத்தில் அவர், "நீ சொன்ன சேலத்து டாக்டரு நாளைக்கு இருப்பாரா?" என்று கேட்டார்.

"இருப்பாருங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு நின்றார். வலது கையை முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, தன் கட்டை விரலைப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது. அசையுமோ என்று, இத்தனை நாள் அவள் பார்த்துக்கொண்டிருந்ததைப் போலவே, அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.