வலன்ரைன் ஊதிய காற்று

கொட்டாஞ்சேனை ஐஸ் தொழிற்சாலையில் வலன்ரைன் இறந்த பிறகும் அவனுடைய மூச்சு ஏழு வருஷத்துக்கு மேலாகக் குழாய்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் திறந்துவிட்டவர் ஐஸ் எந்திரத்தை ஓட்டும் என்ஜின் டிரைவர் ஸஹாப்தீன். அந்த மூச்சு அங்கே இருப்பதற்கும் அவர்தான் காரணம், வலன்ரைன் இல்லாமல் போனதற்கும் அவர்தான் காரணம். முதலாவதைத் தொழிற்சாலையில் எல்லாரும் அறிவார்கள். இரண்டாவதை அவர் ஒருவரே அறிவார்.

ஐஸ் உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டேயிருக்கும் அந்தச் சாமான் மகா சுத்தக்காரன், தன்னோடு வேறு எதையும் சேர்த்துக்கொள்ளாது. எண்ணெய் கலந்தால் அடியில் தங்கும், வடித்துவிடலாம். காற்று கலந்தால்தான் தொல்லை. எவ்வளவு குளிரவைத்தாலும் காற்று திரவமாகாது. உச்சியில் போய்க் குந்திக்கொண்டு அமுக்கத்தை ஏற்றும், நூற்றெழுபதில் நிற்கவேண்டிய கேஜ் முள் இருநூறைத் தாண்டும். அதை எடுக்க ஒரு வழி உண்டு. உச்சி வால்வில் ரப்பர் குழாயை மாட்டி மறுமுனையை வாளித் தண்ணீருக்குள் வைத்துத் திறக்கவேண்டும். வருகிற அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும், காற்று மட்டும் குமிழியாக மேலே வரும். குமிழி நின்றால் உள்ளே சுத்தம் என்று அர்த்தம். மற்றத் தொழிற்சாலைகளில் கால்மணி நேரத்தில் நின்றுவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒரு குழாய் வெடிப்புவிட்டு, அதைக் கழற்றிப் புதிது போட்டார்கள். போடுகிற குழாயை வாயால் ஊதித் துருவை வெளியேற்றுவது அங்கே வழக்கம், அது டிரைவரின் வேலை. ஸஹாப்தீனுக்கு நோன்பு. துரு தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடுமோ என்று குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழாய் பொருத்தும் பிற்றர் வலன்ரைன், அவரை அண்ணனாக நினைத்து நானா என்பவன், சிரித்துக்கொண்டு, "இங்க தாங்க நானா, எனக்கென்ன நோன்பா?" என்று வாங்கி, நெஞ்சு நிறைய இழுத்து ஊதினான். கடைவாய்ப் பல் வலிக்கு எந்நேரமும் ஒரு கராம்பை அடக்கி வைத்திருப்பவன். அந்த மூச்சு அப்படியே குழாய்க்குள் நின்றது. பிறகு பம்பை ஓட்டி உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் வெளியே இழுத்து, ஒரு பகலும் ஓர் இரவும் வெறுமையாக வைத்திருந்து, அதற்குப் பிறகே அமோனியா விடவேண்டும் என்பது சட்டம். ஆனால் அன்று மாலை பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களின் சர்பத்துக்கு ஐஸ் தருவதாக ஸஹாப்தீன் வாக்குக் கொடுத்திருந்தார். இருநூறு பேர் முன்னால் "இது நம்மட ஸஹாப்தீன் தந்த ஐஸ்" என்று சொல்லப்படுவதை அவர் மனதுக்குள் ஏற்கெனவே கேட்டுவிட்டார். இரண்டு மணித்தியாலம் மட்டும் பம்பை ஓட்டிவிட்டு அமோனியாவைத் திறந்தார். சர்பத் நல்ல குளிர்ச்சியாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரம், மஃரிப் தொழுகைக்கு முன், முள் இருநூற்று முப்பதில் நின்றது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, குழாயைக் குளிரவைக்கும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிடு, நோன்பு திறந்துவிட்டு வருகிறேன் என்று வலன்ரைனிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனார். பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே குழாய் மூட்டின் ஜொயின்ற் வெடித்த சத்தம் கேட்டது. உள்ளே நின்ற மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். வலன்ரைன் ஓடவில்லை. தெருவுக்குள் புகை போய்விடும் என்று பெரிய வால்வைப் பூட்டப் போனான், பூட்டினான், அதைப் பிடித்தபடியே செத்தான். மரண விசாரணையில், நோன்பு வாயோடு, அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு ஸஹாப்தீன் சொன்னது இது: வலன்ரைன் அன்று குடித்திருந்தான், வெறியில் தவறான வால்வைத் திறந்துவிட்டான். வேலை போகும், மறியலில் அடைப்பார்கள், பள்ளிச் சனங்கள் ஐஸை நினைத்துக் காறித் துப்பும் என்ற பயம். செத்தவனுக்கு இனி என்ன வந்தது என்று அந்த நேரம் நினைத்தார். விசாரணைக்காரர் எழுதிக்கொண்டார், வலன்ரைனின் மனைவி கொன்ஸ்ரன்ஸ் ஐந்து வயது மகள் பேர்ணடெற்றைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு இருவரும் வெள்ளவத்தையில் தங்கைக்காரி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாளியில் குமிழி வரத் தொடங்கியது. ஒரு மணி நேரம் வந்தது. வெடித்த குமிழியிலிருந்து மூக்கைப் பிடுங்கும் அமோனியா நெடி வரவேண்டிய இடத்தில் கராம்பு மணந்தது. கொஞ்சம் வரும், கொஞ்சம் நிற்கும், திரும்ப வரும். தூங்குகிறவனுடைய நெஞ்சு மாதிரி. ஸஹாப்தீன் எல்லா ஜொயின்ற்றையும் மாற்றினார். சவர்க்கார நுரை பூசி ஓட்டை தேடினார். வெள்ளைக்கார எஞ்சினியர் வந்து கணக்குப் பார்த்து, இந்தக் குழாய்கள் கொள்ளக்கூடியதைப்போல நாலு மடங்கு காற்று ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, காரணம் தெரியவில்லை என்று எழுதிவைத்து, இன்னும் இரண்டு வாளி வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட ஈஸ்டர் ஞாயிறோடு கொழும்பில் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த வெள்ளியும் குமிழி வந்தது. கப்பற்படைக்காரர் கொட்டாஞ்சேனை ஐஸைத்தான் விரும்பி வாங்கினார்கள், பல்லுக்கு இதமாக இருக்கிறதாம். ஸஹாப்தீன் மட்டும் அந்த ஐஸைத் தொட்ட தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு நோன்பிலும் முப்பதும் பிடித்தார், ஒன்றுகூட அல்லாஹ்விடம் சேரவில்லை என்று அவருக்குத் தெரியும். காற்றை முழுதாக எடுத்து முடித்தால் பாவமும் முடியும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மனைவி கைருன்னிஸா அவருடைய இடுப்புச் சாரத்தை முகர்ந்துவிட்டு, "ஒங்கட உடுப்பெல்லாம் ஏன் பல்லு வைத்தியன்ட கடை மாதிரி மணக்குது?" என்று கேட்பாள்.

நாற்பத்தைந்தாம் ஆண்டு, வெள்ளவத்தைக்கு ஐஸ் ஏற்றும் வண்டிக்காரர் போகிறபோக்கில் ஒரு செய்தி சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் வலன்ரைனின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதாம். மகள் பிறந்த அன்று கொச்சிக்கடை அந்தோனியாரிடம் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினவனாம், அதை முறித்துச் செத்தவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்று ஏழு வருஷமாக நிற்கிறாளாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்று கூப்பிடுகிறார்களாம். செத்தவனுக்கு இனி என்ன வந்தது என்று தான் அன்று நினைத்தது ஸஹாப்தீனுக்கு ஞாபகம் வந்தது, ஐஸ் அறையின் உப்புத் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, வாளிக்குள் தலைகீழாகப் பிடித்தார். குமிழிகள் போத்தலுக்குள் ஏறித் தண்ணீரைத் தள்ளின. தண்ணீருக்கு அடியிலேயே தக்கையை அடைத்தார். மறுநாள் கோட்டையில் ரயிலேறி, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் இறங்கினார். கொன்ஸ்ரன்ஸ் தையல் மெஷினிலிருந்து எழும்பி வந்தாள். போத்தலை நீட்டினார். அவள் தக்கையைக் கழற்றி முகர்ந்தாள். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை, சாராயத்தைத் தேடுகிறவள்போல மெதுவாக. சாராயம் இல்லை. கராம்பும், கொஞ்சம் துருவும், உயிரோடிருந்த ஒருவனின் வாயும் மட்டும் இருந்தன.

"அவர் குடிச்சீக்கல்ல தங்கச்சி," என்றார் ஸஹாப்தீன். "நான் பொய் செல்லிட்டன். காத்த எடுக்காம அமோனியா விட்டது நான். முள்ளப் பாத்திட்டுப் போனதும் நான்." குழாயை அவன் ஏன் ஊதினான், கடைசியில் ஏன் ஓடவில்லை, அந்த மூச்சு வெள்ளிக்கு வெள்ளி வாளிக்குள் எப்படி வருகிறது என்பதையும் சொன்னார். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். கொன்ஸ்ரன்ஸ் உள்ளங்கையால் போத்தலின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஏழு வருசமா இத வாளிக்குள்ளயா விட்டனீங்கள்?"

அப்போதுதான் ஸஹாப்தீனுக்குத் தான் செய்துகொண்டிருந்தது விளங்கியது. பிராயச்சித்தம் என்று வெள்ளிக்கு வெள்ளி வெளியேற்றியது அவளுடைய புருஷனை. அவர் வாசற்படியிலேயே குந்திவிட்டார்.

மரண விசாரணை நடந்த கந்தோருக்குப் போய் உண்மையை எழுதிக்கொடுத்தார். பழைய வழக்கு, யாருக்கும் நேரமில்லை, இருந்தாலும் கடதாசியைக் கோவையில் கோத்தார்கள். தொழிற்சாலை அவரை டிரைவர் வேலையிலிருந்து இறக்கி எண்ணெய் விடுகிறவராக்கியது. வாளி வேலையை வேறு ஒருவரும் ஏற்காததால் அது மட்டும் அவரிடமே இருந்தது. பள்ளியில் சிலர் ஸலாம் சொல்வதை நிறுத்தினார்கள். வெள்ளவத்தையில் படம் முன்பக்கம் திரும்பியது, பூசையும் நடந்தது. காற்று நிற்கவில்லை. ஸஹாப்தீன் வெள்ளிக்கிழமை போத்தலில் பிடிப்பார், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பார், காலியான போன கிழமைப் போத்தலை வாங்கிக்கொண்டு வருவார். அந்த ரயிலின் கார்ட்மார் என்ன போத்தல் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். மன்னித்தேன் என்று கொன்ஸ்ரன்ஸ் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாற்பத்தாறில் ஒரு சனிக்கிழமை, பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில் ஓடவில்லை. மறுநாள் வெள்ளம் வடிந்ததும், கொட்டாஞ்சேனை லூசியா கோவிலில் ஞாயிறு பூசைக்குச் சின்னம்மாவோடு வந்திருந்த பேர்ணடெற் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று ஸஹாப்தீன் மாமாவைக் கூப்பிடச் சொன்னாள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அப்பாவ நேத்து ஏன் கொண்டுவரல்ல எண்டு அம்மா கேட்டுவரச் சொன்னவ," என்றாள்.