பதினொரு நாள் தாமதம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலை, மொத்தமே இருபது இடம், வடக்கே ஒரு பல்கலைக்கழகம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி: நீங்கள் பணியாற்றிய ஒரு சுற்றுச்சூழல் வழக்கையும் அதில் உங்கள் பங்கையும் ஐந்நூறு சொற்களில் எழுதுக.

எனக்கு இருப்பதே ஒரு வழக்கு. வெடி வைத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டது என்று எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த பூங்கனியக்கா ஒரு பாறைக் குவாரிமேல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். நாங்கள் ஜெயித்தோம். நாங்கள் என்றால் குவாரிக்காரர் பக்கம். இதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எழுதுவது? 'ஒரு குவாரி வழக்கில் ஆவணங்களை ஆராய்ந்தேன்' என்று ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் புதுக்கடையில் வக்கீல் ஞானசிங் சாரின் ஆபீஸில் நான் மூன்று வருடமாக ஜூனியர். பரிந்துரைக் கடிதம் அவர்தான் தர வேண்டும், ரகசியமாக, நேரே பல்கலைக்கழகத்துக்கு. ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது! சாருக்கு மெயில் திறக்கத் தெரியாது. திறப்பது நான், தட்டச்சு செய்வது நான், பதிவேற்றுவதும் நான். குமாஸ்தா குமாரதாஸ் அண்ணன் பென்சிலால் எங்கே பெருக்கல் குறி போடுகிறாரோ அங்கே சார் கையெழுத்துப் போடுவார். வாசிக்கமாட்டார். இருபத்தைந்து வருடமாக அந்த ஆபீஸ் அப்படித்தான் ஓடுகிறது.

இந்தக் கடிதத்தை மட்டும், ஜாஸ்மியாகிய என்னைப் பற்றி என்னிடமே, சார் வாய்விட்டுச் சொன்னார். மனுசன் நல்ல மனசோடுதான் சொன்னார்.

"எழுதிக்க மக்கா. குவாரி கேஸ நாம ஜெயிச்சதே ஜாஸ்மியாலதான். மனு பதினோரு நாளு லேட்டுன்னு கண்டுபிடிச்சது அவதான். இப்பிடி ஒரு ஜூனியரு இங்க வேற எவனுக்கும் கெடயாது. இங்கிலீஷுல போட்டு அழகாக்கிக்க."

அழகாக்கினேன். குறி விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது. பிறகு குவாரி வரிகளை எடுத்துவிட்டு இன்னொரு கடிதம் அடித்தேன். குமாரதாஸ் அண்ணன் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எதுட்டி அனுப்பப் போற?"

"தெரியல்லண்ணே."

"அப்ப ரெண்டுலயும் வாங்கி வச்சுக்க" என்று இரண்டாவதிலும் குறி போட்டார். சார் அதிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பதினொரு நாளை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முதலிலேயே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அறுப்பின் பண்டிகை. சர்ச் முற்றத்தில் ஏலம். பலாப்பழம், வாழைக்குலை எல்லாம் போய், அடுத்தது சேவல். அதைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பூங்கனியக்கா பிளாஸ்டிக் கவரில் போட்டோக்களோடு வந்தாள்.

"ஏட்டி ஜாஸ்மி, செவரு பொளந்து அஞ்சு மாசம் தாண்டியாச்சு. கேக்க நாதியில்ல. நீ ஒரு மனு எழுதித் தா."

கையில் சேவல் சிறகடிக்கிறது, ஏலம் போடுகிறவர் என் பேரைச் சொல்லிக் கத்துகிறார். "பண்டிகை முடியட்டுக்கா, நான் சொல்லி அனுப்புதேன். இன்னும் நாளு கெடக்கு" என்றேன்.

ஆறு மாதத்துக்குள் போட வேண்டிய மனு அது. எனக்குத் தெரியாதா என்ன? பண்டிகைக்குப் பின் சித்தி மகள் கல்யாணம் வந்தது, நான் மறந்தே போனேன். அக்கா காத்திருந்து காத்திருந்து அவளாகவே வந்தபோது, குவாரிக்காரர் முந்திக்கொண்டு சாரிடம் தன் ஆவணக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வேறு வக்கீலைப் பார் என்று அனுப்பினேன். அவர் மனு போடும்போது பதினொரு நாள் கடந்திருந்தது. தகுந்த காரணம் சொன்னால் தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கும். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். அக்கா பக்கம் பதில் இல்லை. சாருக்குத் தேதியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதே பிளாஸ்டிக் கவரோடு பூங்கனியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் அம்மா செய்த வேலை. ஞாயிறு ஆராதனைக்கு ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள்.

"மலையக் காப்பாத்துற படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கியாம், பாஸ்டர் வாசிச்சாரு. இதயும் வச்சுக்க மக்கா, படிப்புக்கு ஒதவும்."

புதுப் படங்கள். இப்போது விரிசலில் கை நுழைகிறது, அவளே கையை விட்டுக் காட்டி எடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, அந்தப் பதினோரு நாளு என்னாலதான்."

"தெரியும்லா."

"பின்ன ஏங்க்கா அங்க சொல்லல்ல?"

"சொன்னா ஒனக்க பொழப்பு போயிருமே. கோட்டு போட்டு ரெண்டு வருசம்கூட ஆவல்ல அப்ப." கவரை மேசையில் நேராக வைத்தாள். "நீயே எந்திச்சு சொல்லுவேன்னு பாத்தேன். நீ பைலுக்குள்ள தலைய விட்டுட்டு இருந்த."

அம்மா கொண்டுவந்த சாயாவைக் குடித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கட்டுரையை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மனுதாரர் முதலில் வந்தது என்னிடம். நாள் கிடக்கிறது என்றது நான். அந்தத் தாமதத்தைக் காட்டி அவரைத் தோற்கடித்ததும் நான். சாருடைய முதல் கடிதத்தையே பதிவேற்றினேன். அதைத் தட்டச்சு செய்து அனுப்புவதும் நானே என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். இடம் கிடைக்காமல் போக அது ஒன்றே போதும்.

பிறகு அதே விஷயத்தை நாள், தேதியோடு அபிடவிட்டாக அடித்தேன். பூங்கனியக்கா மறுபரிசீலனை கேட்டால் அவள் வக்கீலுக்கு வேண்டியிருக்கும். குமாரதாஸ் அண்ணன் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தார்.

"சாரு பாத்தா ஒன்ன ஆபீஸுல வைக்கமாட்டாருட்டி."

"தெரியும்ணே."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு என் பக்கம் தள்ளினார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.