மெதுவாக வைத்தால் சத்தம் வராது

அலுவலகத்தில் அவருக்குச் சாது என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை செய்பவர்கள் வைத்தது. மனுஷர் குரலை உயர்த்தியதே இல்லையாம். அலுவலகத்தில் உயர்த்தியதில்லை என்பது உண்மைதான்.

கம்ப்யூட்டர் கேமில் பொருளும் பொருளும் மோதும்போது சத்தம் வரவைப்பது அவர் வேலை. மோதுகிற வேகத்தைப் பார்த்து, லேசாகத் தட்டினால் ‘டக்’, கொஞ்சம் வேகம் என்றால் ‘டமார்’, ஓங்கி எறிந்தால் முழுப் பதிவும் ஓடும்படி எழுதி வைத்திருந்தார். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சத்தமே கிடையாது. அப்படி வைக்காவிட்டால், தரையில் சிவனே என்று நிற்கிற ஜாடிகூட ஓயாமல் தொணதொணத்துக்கொண்டிருக்கும்.

அந்த முழுப் பதிவில்தான் வினை இருந்தது.

பாத்திரச் சத்தம் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையில் ரெக்கார்டரை வைத்தவர், நிறுத்த மறந்துபோனார். சாப்பிடும்போது மனைவியோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வாய்த்தகராறு. கோபம் தலைக்கேறி, பீங்கான் தட்டைச் சுவரில் ஓங்கி அடித்தார். மறுநாள் பதிவைக் கேட்டதும் கூசிப்போனார். ஆனால் உடைகிற ஓசை அத்தனை சுத்தமாக இருந்தது! வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, முன்னாலிருந்த கத்தலை வெட்டிவிட்டு, தட்டு உடைகிற ஓசையை ஜாடிக்கான சத்தமாகக் கேமில் சேர்த்தார். கடைசிவரை கேட்க மனம் வரவில்லை. சோதித்தபோதும் ஜாடிகளை இடுப்புயரத்திலிருந்துதான் போட்டுப் பார்த்தார்.

வீட்டுப் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துவரச் சொன்ன நாளில், மூன்றாவது படிக்கும் மகளைக் கூட்டிப்போனார். டீம் லீடர் அவளைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். சுற்றி நல்ல கூட்டம்.

“ஜாடிய மொட்ட மாடிக்குத் தூக்கிட்டுப் போய்ப் போடும்மா. உங்கப்பா செஞ்ச சத்தம், அசந்துடுவ!”

போட்டாள். அறையே அதிர்ந்தது. சில்லுகள் உருண்டு அடங்கின. அப்புறம் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது:

“அப்பா, வேணாம்ப்பா.”

லீடர் சிரித்துவிட்டார். “யாரு அது, சாது? நல்லா நடிச்சிருக்காங்களே!”

சாதுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. இன்டர்நெட்டில் எடுத்தது என்று சொல்ல வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் மாமா. அப்பா கை தவறி தட்டு விழுந்துடுச்சு.”

அவள் பொய் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் அவருக்காக.

“சரி, இன்னொண்ணு போடு” என்றார் லீடர்.

மகள் அடுத்த ஜாடியை எடுத்தாள். மௌஸை நூல் நூலாக நகர்த்தித் தரையில் இறக்கினாள். ஒரு சத்தமும் இல்லை.

“என்ன சாது, வேல செய்யலயா?”

“செய்யுது மாமா. இவ்ளோ மெதுவா வச்சா வராது. வீட்ல நானும் அம்மாவும் இப்படித்தான் வைப்போம்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சத்தம் வராத அந்த அளவைச் சரியாகப் பிடிக்க அவருக்கு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இவள் ஒரே தடவையில் பிடித்துவிட்டாள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி, “கை தவறல. நான்தான் எறிஞ்சேன்” என்றார். குரல் உயரவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

மகள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுத்த ஜாடியை, முன்னதைவிட மெதுவாக இறக்கி வைத்தாள்.