கையில் தராத உப்பு

தெரபி மகளுக்கா, மாப்பிள்ளைக்கா என்று மலர்கொடியின் அண்ணன் ஒருமுறை போனில் கேட்டான். மகளுக்குப் பாதி, மாப்பிள்ளைக்கு முக்கால் என்றாள் மலர்கொடி. கணக்கு இடிக்கிறதே என்றதற்கு, கிளியனூரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இடிக்கத்தான் செய்யும், மரக்காணம் வந்து பார் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை, அதாவது மலர்கொடியின் புருஷன் கலையரசன், உப்பளத்தில் லாரிக்கு உப்பு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. களத்தில் அவன் குரலுக்கு முப்பது பேர் நடுங்குவார்கள். வீட்டில் மூன்றரை வயது தமிழ்நிலா தண்ணீர்க் குடத்தின் பக்கம் திரும்பினாலே டம்ளரோடு ஓடுவான். நிலா இன்னும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். ஆட்டிசம் என்று பாண்டிச்சேரியில் டாக்டர் சொன்ன அன்று மலர்கொடி அழுதாள். கலையரசன் அழவில்லை. இவளுக்கு என்னவெல்லாம் கொடுக்கக்கூடாது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டான். மீதி எல்லாவற்றையும் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்பது அவன் திட்டம்.

டாக்டர் அனுப்பிய பயிற்சியாளர்தான் சகாயசெல்வி. வாரத்துக்கு இரண்டு நாள் குயிலாப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அதனால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, முதல் நாளே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் பாடம், கேட்பது. நிலாவுக்குப் பிடித்த பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக்கூடாது. அந்தப் பொருளின் படம் போட்ட அட்டையை அவள் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தால், அந்த நொடியே பொருளைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது வானத்திலிருந்து விழுவதில்லை, எதிரில் ஓர் ஆள் இருக்கிறார், அவரிடம் கேட்டால் வரும் என்பது பிள்ளைக்குப் புரியும். அதற்குப் பெரியவர்களும் ஒன்று பழக வேண்டும். வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

பிடித்த பொருள் எது என்பதில்தான் முதல் குழப்பம். சாக்லேட்டை நிலா திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்கட்டை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வரிசையாக அடுக்கிவைத்தாள். அது எறும்புகளுக்குத்தான் பிடித்தது. கடைசியில் கலையரசன் சட்டைப்பையிலிருந்து விடை வந்தது. பாத்தி ஓரத்தில் விளையும் பெரிய உப்புக்கல்லாகப் பொறுக்கி, தினமும் சாயங்காலம் மகளுக்குக் கொண்டுவருவான். நிலா ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்பாள். வாயில் வைக்கமாட்டாள். ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு முகம் போன போக்கிலேயே அந்த ஆசை தீர்ந்துவிட்டது.

உப்புக்கல்லைப் போட்டோ எடுத்து, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஏழெட்டுப் பிரதியாக லேமினேட் செய்து ஒரு டப்பாவில் போட்டார்கள். புதுசா உப்பு கம்பெனி ஆரம்பிக்கிறீர்களா என்று கடைக்காரர் விசாரித்தார்.

மாதம் முடிவதற்குள் நிலா அட்டையை எடுத்துவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைக்கப் பழகிவிட்டாள். மலர்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. கிளியனூருக்கு போன் போட்டு, ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

அப்பாவிடம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

முதல் காரணம், காத்திருப்பது அவன் உடம்புக்கு ஆகாதது. அதை மலர்கொடி ரகசியமாகச் சரிசெய்தாள். நல்லது செய்தால் உடனே பாராட்ட வேண்டும், பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்று நிலாவுக்காகச் சகாயசெல்வி சொல்லிக்கொடுத்ததை அப்படியே புருஷனிடம் இறக்கினாள். அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால், சூப்பராகக் காத்திருந்தீர்கள் என்பாள். கையில் ஒரு மெதுவடையும் வரும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் பெண்டாட்டி இப்படிக் கொஞ்சியதில்லை என்று கலையரசன் மிதந்தான். வடையின் சூட்சுமம் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வாயை மூடக் கற்றுக்கொண்டான்.

இரண்டாவது காரணத்தை யாருமே காரணமாக நினைக்கவில்லை. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். எல்லா வீட்டிலும் சொல்வதுதான், ஆனால் உப்பளத்துக்காரனான கலையரசனுக்கு அது சட்டம். ஒருநாள் மதியம் களத்தில் கூழுக்கு ஒரு கல் உப்பைத் தன் அண்ணன் சகாதேவன் கையில் கொடுத்தானாம். அன்று சாயங்காலமே அண்ணன் தம்பி சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டார்களாம். டிவி ரிமோட்டுக்காக வந்த சண்டை அது என்பது மலர்கொடிக்குத் தெரியும், ஆனால் அதை அவனிடம் சொல்லிப் பயனில்லை. பாடத்துக்காக அவள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டாள். தனக்கும் மகளுக்கும் என்ன புதுச் சண்டை வந்துவிடப்போகிறது என்பது அவள் வாதம். கலையரசன் விடவில்லை. மகளுக்கும் உப்புக்கல்லைத் தன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில்தான் வைப்பான். அவள் எடுத்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டிருந்த சகாயசெல்வியும் தன் அம்மா வீட்டில் அப்படித்தான் உப்பு வாங்குவாள். அதனால் அது அவள் கண்ணிலேயே படவில்லை.

ஒரே ஆளிடம் கேட்டால் போதாது, இரண்டாவது ஆளிடமும் கேட்க வேண்டும், சித்திரைக்குள் கேட்டுவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரும் வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்றாள் சகாயசெல்வி. இரண்டாவது ஆள் நான்தான் என்று கலையரசன் மார் தட்டினான். பங்குனி பிறப்பதற்குள் நிலா அவனிடம் கேட்கமாட்டாள் என்று மலர்கொடி பந்தயம் கட்டினாள். தோற்றவர் சித்திரை முழுக்க ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவ வேண்டும்.

பங்குனி வெயில் ஏறியது. கலையரசன் வேலை முடிந்து வந்து, குளித்து, சுவரில் சாய்ந்து, கோயில் வாசலில் உட்கார்ந்தவன் மாதிரி கையை ஏந்திக்கொண்டு காத்திருந்தான். நிலா வருவாள், பக்கத்தில் கொஞ்ச நேரம் சுற்றுவாள், போய்விடுவாள். தரையில் அட்டைகள் மட்டும் கிடக்கும். கலையரசன் அவற்றைப் பொறுக்கித் தூசு தட்டி டப்பாவுக்குள் போடுவான். தூக்கிப் போட்ட துண்டைக்கூட எடுக்காத புருஷன் இவ்வளவு சுத்தம் பார்ப்பதைக் கண்டு மலர்கொடி, அதற்கும் ஒரு வடை கொடுத்தாள். அன்றிலிருந்து அட்டை தரையில் பட்டதும் எடுத்துவிடுவான்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடவில்லை.

"எங்கிட்ட மட்டும் எதுவுமே கேக்க மாட்டேங்குது மலரு. நான் இன்னா பண்ணேன் அதுக்கு?"

மீன் கழுவும் கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் உட்கார்ந்திருந்ததை அவனுக்குத் தெரியாமல் செல்போனில் வீடியோ எடுத்தாள். அடுத்த முறை சகாயசெல்வி வந்தபோது இருவரும் அடுப்படியில் நின்று அதைப் பார்த்தார்கள். படத்தில் நிலா வருகிறாள். ஏந்திய கைகளைப் பார்க்கவே இல்லை. அட்டையை அப்பாவின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், அவன் எப்போதும் உப்பு வைக்கிற அதே இடத்தில் வைக்கிறாள். ஓர் அடி பின்னால் போகிறாள். நிற்கிறாள். கலையரசன் அட்டையை எடுத்து, ஊதி, டப்பாவுக்குள் போடுகிறான். நிலா வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போகிறாள். திரும்ப இன்னோர் அட்டையோடு வருகிறாள்.

சகாயசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறா என்று மலர்கொடிக்கு முதலில் தெரியவில்லை.

"அக்கா, பாப்பா கேட்டுக்கினுதான் இருக்குது. உங்க வூட்டுக்காரரு எப்டி குடுப்பாரோ அப்டியே கேக்குது."

அம்மாவிடம் வாங்குவது கையில், அப்பாவிடம் வாங்குவது தரையில். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாளாகக் கேட்கிறாளோ. அதைப் பொறுக்கிப் போட்டதற்குத்தான் வடை சுட்டுக் கொடுத்தோம் என்பது உறைத்ததும் மலர்கொடிக்கு எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போதே களத்துக்குப் போன் போடுகிறேன் என்று கிளம்பினாள். சகாயசெல்வி தடுத்தாள். சொல்லிக்கொடுத்தால் நாளைக்கும் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார், பார்க்க வேண்டியது பாப்பா முகத்தை என்றாள்.

"அவருக்கா புரியலன்னா?"

"பாப்பாவுக்கு எப்டி வெயிட் பண்றோம்? அப்டித்தான். இன்னிக்கு ஒரு சாயங்காலம் வாய தொறக்காதீங்கக்கா. அந்த டப்பாவ மட்டும் ஒளிச்சு வெச்சிடுங்க."

டப்பா அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. ஓர் அட்டை மட்டும் ஜன்னல் திட்டில் இருந்தது. டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்ற சாக்கில் சகாயசெல்வி உட்கார்ந்துகொண்டாள்.

கலையரசன் வந்தான், குளித்தான், சட்டைப்பை புடைக்கச் சுவரில் சாய்ந்தான். நிலா அட்டையோடு வந்து அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னால் நகர்ந்தாள். கலையரசன் அட்டையை எடுத்து ஊதினான். டப்பாவைத் தேடினான். அடுப்படிப் பக்கம் பார்த்தான். வழக்கமாக அங்கிருந்து வரும் பாராட்டு வரவில்லை. இரண்டு பெண்களும் டீயைத் தீவிரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டையை ஜன்னல் திட்டில் வைத்தான்.

நிலா போய் அதை எடுத்துவந்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

அவன் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மலர்கொடி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சகாயசெல்வி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

நிலா கொஞ்ச நேரம் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் தோளில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையைப் பைக்குள் விட்டாள். அதே பைக்குள்தான் உப்புக்கற்கள் இருந்தன. அவற்றை அவள் எடுக்கவில்லை. அட்டையை எடுத்தாள். தரையில் வைத்தாள். ஒரு விரலால் அவன் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினாள்.

"இன்னாடி இது, பொறுக்கி வெக்க வெக்க..." என்று குனிந்தவன் பேச்சைப் பாதியில் விட்டான்.

அட்டையைப் பார்த்தான். அட்டை கிடந்த இடத்தைப் பார்த்தான். அதன்பின் மகளைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை முழுதாக அல்ல, மூக்குக்குக் கீழே எங்கோ. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கை பைக்குள் போக நேரம் பிடித்தது. ஒரு கல்லை எடுத்தான். பழக்கத்தில் தரைக்குக் கொண்டுபோனவன் நடுவில் நிறுத்தி, சகாயசெல்வியைத் திரும்பிப் பார்த்தான். அவள், கையில் கொடுத்தால்தான் நல்லது என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். கலையரசன் யோசித்தான். முப்பது ஆளை மேய்க்கிறவன் மூளை அவ்வளவு லேசில் தோற்றுவிடாது. வலது கையைப் புறங்கை படிய அதே இடத்தில் தரையில் விரித்து வைத்தான். உள்ளங்கையில் உப்புக்கல்லை வைத்தான்.

"உப்பு தரையிலதான் இருக்குது. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

நிலா புதுவிதமான அந்தத் தரையை ஆராய்ந்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு டம்ளருக்குள் போட்டாள். சத்தம் அடங்கியதும் வந்து, அட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

மலர்கொடிக்கு அதற்கு மேல் வாயை மூடத் தெரியவில்லை. வீடியோ, டப்பா, அரிசி மூட்டை எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தன. பாப்பா இன்றைக்குத்தான் கையில் வைத்திருக்கிறாள், அதனால் பந்தயக் கெடு தாண்டிவிட்டது என்று சேர்த்துக்கொண்டாள். எத்தனை வாரமாகவோ கேட்கிறாள், முட்டாள் நான்தான், ஆகவே பந்தயத்தில் எப்போதோ ஜெயித்துவிட்டேன் என்றான் கலையரசன். சகாயசெல்வி இரண்டாவது டம்ளர் டீயை ஊற்றிக்கொண்டு யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தாள்.

நடுவில் அவனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

"அட்டைய பொறுக்கனதுக்கு வடை வேற குடுத்தியேடி நீ?"

மலர்கொடி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நழுவினாள். சித்திரை மாத மீனைக் கழுவுவது யார் என்பது அத்தோடு முடிவானது.

போன் அடித்தது. லாரி டிரைவர் தேசப்பன். ராத்திரி லோடுக்கு உப்பு ஏற்ற ஆள் வந்தாகிவிட்டது, மேஸ்திரியைத்தான் காணோம் என்று கத்துவது எல்லோருக்கும் கேட்டது. கலையரசன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டான். வலது கை தரையிலேயே இருந்தது.

"கொஞ்சம் நில்லு தேசப்பா. என் பொண்ணு எங்கிட்ட ஒண்ணு கேட்டுக்கினு இருக்குது."

கல் ஒவ்வொன்றாக டம்ளருக்குள் போனது. அட்டை ஒவ்வொரு முறையும் கைக்கு வந்தது. கால் மரத்துப்போய் அவன் முகம் கோணியது. கடைசிக் கல்லும் போனபின் பையைத் திருப்பிக் காட்டினான். தீர்ந்துபோச்சு, நாளைக்கு அப்பா நிறைய கொண்டுவருவேன் என்று கெஞ்சினான்.

நிலா காலிப் பையைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். டம்ளரை இரண்டு கையாலும் தூக்கிவந்து, உள்ளே இருந்த உப்பையெல்லாம் அப்பாவின் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பிறகு அட்டையை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, ஓர் அடி பின்னால் போய் நின்றாள்.