மேலே நிற்கிறவன்

"மொகம் வந்துட்டுது, மொகம் வந்துட்டுது" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். தங்கதுரை மண்வெட்டியை வீசிவிட்டுப் பத்து விரல்களாலும் தம்பியின் கண்மீதிருந்த களிமண்ணை வழித்தான். மூக்கில் அடைத்திருந்ததைச் சுண்டுவிரலால் தோண்டினான். வாய்க்குள்ளும் மண் இருந்தது.

"கொளஞ்சி, டேய் கொளஞ்சி."

கன்னத்தில் தட்டினான். கன்னம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. நெஞ்சுவரை மண் இறுகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டால் மூச்சு வந்துவிடும் என்று நினைத்து இரண்டு கைகளாலும் வாரினான். அதற்குள் தீயணைப்புக்காரர்கள் அவன் அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தார்கள்.

"வெளிய வாய்யா. அந்தப் பக்கமும் வெடிச்சி நிக்குது."

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால், புதிதாக மனை போட்டிருந்த தெருவில், கழிவுநீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளம் அது. பத்தடி ஆழம். சந்து குறுகலாக இருந்ததால் ஜேசிபி உள்ளே வர முடியவில்லை. ஆளை இறக்கித்தான் வெட்ட வேண்டியிருந்தது.

அண்ணனும் தம்பியும் பதினெட்டு வருடமாகப் பள்ளம் வெட்டுகிறவர்கள். பெண்ணாடம் ரோட்டு ஓரமாகக் கேபிளுக்கு வெட்டியிருக்கிறார்கள். செராமிக் கம்பெனிகளின் சூளைக்கு அஸ்திவாரம் எடுத்திருக்கிறார்கள். மழை வெள்ளத்தில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல்கள் மூழ்கிய வருடம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வடிகால் வெட்டினார்கள். எந்த வேலையானாலும் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் உள்ளே இறங்கினால் மற்றவன் மேலே நிற்க வேண்டும். மேலே நிற்கிறவனுக்குக் கண்ணெல்லாம் விளிம்பில்தான். மண்ணில் மயிரளவு கோடு விழுந்தாலும் "ஏறு" என்று குரல் கொடுக்க வேண்டும். மேலே நிற்கிறவன் எங்கேயாவது நகர்ந்தால் உள்ளே இருப்பவனை ஏற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். சின்னவன் வேகமாக வெட்டுவான் என்பதால் பெரும்பாலும் அவனே இறங்குவான்.

ஆஸ்பத்திரிக்குக் கொளஞ்சியின் மனைவி அன்பரசி வந்தபோது மணி ஒன்று இருக்கும். பீங்கானில் பியூஸ் கேரியர் செய்யும் கம்பெனியில் அச்சு அழுத்துகிற வேலை அவளுக்கு. போன் வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோ ஏறியிருந்தாள். முழங்கைவரை வெள்ளைக் களிமண் காய்ந்து தோல்போலப் படிந்திருந்தது. உள்ளே போய் உடலைப் பார்த்தாள். திரும்பி வந்து தங்கதுரைக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காத்தால சோறு ஆவல மாமா. நீ கெளம்பு, கடையில பாத்துக்கறன்னாரு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எதனா துன்னாரா?"

தங்கதுரையின் சட்டைப் பையில் செய்தித்தாளில் மடித்த நான்கு வடைகள் இருந்தன. எண்ணெய் கசிந்து பனியனில் ஒட்டியது.

"இல்லம்மா" என்றான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேஸ்திரி மாணிக்கவேல் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று கை காட்டிக் கூப்பிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, காண்டிராக்டரிடம் வேலையை மேற்பார்வை பார்ப்பவர். எப்போதும் சவரம் செய்த முகம். இன்றைக்கு அந்த முகத்தில் வேர்வை வழிந்துகொண்டே இருந்தது.

"பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவன் தொர நானு. காஷ்மீர்ல பாறைய ஒடைச்சி ட்ரெஞ்சு வெட்டுவோம். குண்டு வுழும்போது உள்ள கெடக்கறவன் பொழைப்பான், தலைய நீட்டறவன் செத்துப்போவான். ரெண்டு பக்கமும் பலகை அடிக்காம, மூட்டை அடுக்காம ஒருத்தனையும் உள்ள எறங்க வுடமாட்டாங்க." அவர் நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இங்கயும் பலகை கேட்டேன். காண்டிராக்டரு நாளைக்கி வரும்னாரு."

"எப்ப கேட்டீங்க?"

"போன வாரம்."

ஒரு ரயில் ஜங்ஷனுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை மாணிக்கவேல் காத்திருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. எஸ்.ஐ. வருவாங்க. கொளஞ்சி குடிச்சிட்டு எறங்கிட்டான், வேணாம்னு சொன்னோம், கேக்கலன்னு சொல்லிடு. அத்தோட முடிஞ்சிடும்."

"அவன் ஞாயித்துக்கெழமதான குடிப்பான். இன்னிக்கி செவ்வாக்கெழம."

"குடிப்பான்னு ஊருக்கே தெரியும் இல்ல? அது போதும்."

"அறுத்துப் பாத்தா தெரியாதா?"

"அந்த ரிப்போட்டு வரதுக்கு மாசக்கணக்காவும். அதுக்குள்ள எல்லாம் ஆறிப்போயிடும். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "உன்னையுந்தான்."

தங்கதுரை நிமிர்ந்து பார்த்தான். மாணிக்கவேல் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மண் சரிந்த நேரத்தில் தான் டீக்கடையில் நின்றதை அவர் பார்த்திருக்கிறார் என்று தங்கதுரைக்குப் புரிந்தது. 'வேணாம்னு சொன்னோம், கேக்கல.' அந்த வார்த்தைகளை உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சுலபமாகத்தான் வந்தது. தம்பி இனிமேல் மறுத்துப் பேசப் போவதில்லை.

நான்கு மணிக்கு எஸ்.ஐ. அம்மா வந்தார். வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, ஊர். அன்பரசி பெஞ்சிலேயே இருந்தாள். மாணிக்கவேல் தூணை ஒட்டி நின்றார்.

"உங்க தம்பி குடிப்பாரா?"

"ஞாயித்துக்கெழம குடிப்பான் மேடம்."

"இன்னிக்கி?"

மாணிக்கவேல் தொண்டையைச் செருமினார். ஒருமுறை தலையாட்டினாலே போதும் என்று தங்கதுரைக்குத் தெரிந்தது. அன்பரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. பெரியவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ளக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"இல்லிங்க மேடம். குடிக்கல."

"அப்புறம்?"

"பலகை வெக்கல. வெச்சிருந்தா நின்னிருக்கும். மேல ஒருத்தன் நிக்கணும். நாந்தான் நிக்கணும். டீ வாங்கிக்கினு வரேன்னு போனேன். போறப்ப அவன மேல ஏறச் சொல்லணும். சொல்லல. கடையில வடை வெந்துக்கினு இருந்துது. ரெண்டு நிமிஷம் இருங்க, சூடா தரேன்னாரு. பசியில இருக்கானேன்னு நின்னுட்டேன்."

எஸ்.ஐ. பேனாவை நிறுத்தினார். "எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும் மேடம்."

அவர் மாணிக்கவேலைப் பார்த்தார். "பலகை வெச்சீங்களா?"

மாணிக்கவேல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நேராக நின்று, "வெக்கலம்மா" என்றார்.

அன்பரசி எழுந்தாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வராந்தாவின் மறுகோடிக்கு நடந்துபோய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தங்கதுரை அவள் பின்னால் நான்கு அடி எடுத்து வைத்தான். அதற்குமேல் போகவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் பிணத்தைக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். செய்தி எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. தங்கதுரை உட்கார்ந்த பக்கம் யாரும் உட்காரவில்லை. அவன் மனைவி துர்காகூட அன்பரசியின் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். கொளஞ்சிநாதனுக்கு ஆண்பிள்ளை இல்லை. முதல் மண் அண்ணன்தான் போட வேண்டும். தூக்குகிற நேரத்தில் அன்பரசியின் அண்ணன் பிரபாகரன் பந்தலுக்கு நடுவில் வந்து நின்றான்.

"இவன் கையால வேணாம். எவன் வேணாலும் போடட்டும், இவன் போடக் கூடாது."

பறை நின்றுவிட்டது. தங்கதுரை எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போய்விடலாமா, நிற்கலாமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்பரசி தலைமாட்டிலிருந்து நிமிரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அவங்கதான் தோண்டி எடுத்தாங்க. அவங்களே போடட்டும்."

அது மன்னிப்பா, தண்டனையா என்று பந்தலில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. பிரபாகரன் வழிவிட்டு ஒதுங்கினான்.

மணிமுத்தாற்றங்கரையில் குழி தயாராக இருந்தது. தங்கதுரை அருகில் போனதுமே அவன் கண் விளிம்பைச் சுற்றி வந்தது. கால் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பார்த்தான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று குழி வெட்டியவர்களிடம் சொன்னான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவனே உள்ளே இறங்கித் தம்பியை வாங்கினான். தலையை நேராக வைத்தான். முகத்துணியை இழுத்துவிட்டான். கைகொடுத்து அவனை ஏற்றினார்கள்.

"மூணு கைப்பிடி" என்றார் சடங்கு செய்தவர்.

தங்கதுரை குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, குவித்திருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினான். கைகளைக் குழிக்கு மேலே நீட்டினான். நீட்டியபடியே இருந்தான். வெயில் பிடரியில் சுட்டது.

கையை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டு, உள்ளங்கையில் இருந்த கட்டிகளை ஒவ்வொன்றாக நசுக்க ஆரம்பித்தான். ஒரு கூழாங்கல் அகப்பட்டது. எடுத்துப் பின்னால் போட்டான். ஒரு வேர்த்துண்டு. அதையும் போட்டான்.

"நேரமாவுது தொர" என்றார் யாரோ.

"தோ" என்றான். கடைசிக் கட்டியும் மாவாக உதிர்ந்த பிறகு, விரல்களை மெல்ல விரித்து, அந்த மண்ணைத் தம்பியின் கால்பக்கமாக விட்டான். பிறகு இரண்டாவது பிடியை அள்ளி, அதிலும் கல் பொறுக்கத் தொடங்கினான்.