ரசமட்டத்தின் முழங்கால்

ரசமட்டம் அன்றைக்குக் கையை உயர்த்தியது டைல்ஸ் பார்க்கத்தான். அதைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். தரை மட்டம் பார்க்கும் ரசமட்டக் கருவி எந்நேரமும் கையில் இருந்ததால் அதுவே பெயராகி, அவர் போகும் கிறிஸ்தவ சபையிலும் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் வீட்டுக் குளியலறையிலும் சமையலறையிலும் காலமெல்லாம் மண்டியிட்டதில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. வலது முட்டி ரொம்ப மோசம். ஊரில் உள்ள எல்லாத் தரைக்கும் முன்னால் மண்டியிட்ட மனுஷனால் ஆண்டவருக்கு முன்னால் மட்டும் மண்டியிட முடியவில்லை. சபை மொத்தமும் முழங்காற்படியிடும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொள்வார்.

இத்தனைக்கும் பீடத்துக்குத் தரை போட்டவரே அவர்தான், அதுவும் காணிக்கையாக. போட்டு முடித்த நாளிலிருந்து ஒரு குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது. மேல்படியில் ஒரு வரிசை லேசாகக் கோணல். வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. அவருக்கோ பீடத்தைப் பார்த்தால் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல் உள்ளவர், அது அவருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் கண்களை மூடச் சொன்னார். ரசமட்டம் இடது கண்ணை மட்டும் மூடினார். கையை நீட்டி உயர்த்தி, கட்டைவிரலை அந்த வரிசைக்கு நேராகப் பிடித்துக் கோணல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பிரசங்கியார், "முழங்கால் வலியிலேருந்து இப்பவே விடுதலை கிடைச்ச ஒருத்தர் இங்க இருக்கீங்க. கையை உயர்த்துங்க" என்றார்.

சபை கண்ணைத் திறந்தது. அத்தனை தலைகளுக்கும் மேலே ஒரே ஒரு கை. மூடிய கண் அழுகிற கண்ணாகப் பட்டது. நிமிர்ந்த கட்டைவிரலுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அவர் கையை வெடுக்கென்று இறக்கி, வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் இருந்த மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ரசமட்டம் வாயை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஈரப் படுக்கை விரிப்புகளை அள்ளி அள்ளி இயந்திரத்தில் போடுவதும் எடுப்பதும் அவள் வேலை. எதற்கும் ஸ்தோத்திரம் சொல்வது அவள் சுபாவம். பஸ் வந்தால் ஸ்தோத்திரம். வராவிட்டால், நடக்கக் கால் கொடுத்தாரே, அதற்கு ஸ்தோத்திரம். குழாயில் தண்ணீர் நின்றுபோனால், நேற்றே பிடித்து வைக்கும் புத்தியைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம். தினமும் வேலை முடிந்து வந்து புருஷன் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பாள். இதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருநாள் அவர் கேட்டதற்கு, "முட்டி இருக்கே" என்றாள்.

அவள்தான் அலைந்து திரிந்து, தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்து, காத்திருந்து, அவருக்கு ஆபரேஷன் தேதி வாங்கி வைத்திருந்தாள். இந்தத் தேதியைக் கை நழுவ விட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அதுவரை முட்டி தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லியிருந்தார். முட்டி போனால் தொழில் போகும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் எடுத்தது அந்தப் பேச்சைத்தான்.

"என்னங்க, அந்த ஆபரேஷன் இனி எதுக்கு? நமக்குப் பின்னால காத்துக்கிட்டிருக்கிறவங்க யாருக்காவது போகட்டுமே."

ரசமட்டம் சட்டென்று குறுக்கிட்டார். "அவசரப்படாதேம்மா. வர்ற ஞாயிறு சபைக்கு முன்னால நின்னு, சுகமானதைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்காங்க. அது முடியட்டும்."

"அதுவும் சரிதான்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவர் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் நினைத்தார். காலையில் நினைத்தால், வேலைக்குக் கிளம்புகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று தோன்றும். சாயங்காலம் நினைத்தால், அலுத்து வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று தோன்றும். இதற்கிடையில் சுகமான மனுஷனாக அவர் வாழ வேண்டியிருந்தது. அது நோயாளியாக வாழ்வதைவிட ஆயிரம் மடங்கு கஷ்டம். மாடிப்படி இறங்கும்போது நொண்டக் கூடாது. வலி உச்சிக்கு ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது ஞானப்பாட்டை எடுத்துவிடுவார். வலி கூடக் கூடச் சுருதியும் கூடும். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சுகமானதிலேருந்து அண்ணன் ஒரே பாட்டாப் பாடுறாரு" என்று பூரித்துப்போனாள்.

வாரத்தின் நடுவில் மனைவி ஸ்டூலைக் கொண்டுவந்து பால்கனியில் போட்டாள். "அந்தத் துணிக் கொடியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்களேன். இப்பதான் உங்களால ஏற முடியுமே."

ஏறினார். கயிறை அவிழ்த்துக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு பாட்டு முழுசாகப் பாடி முடித்திருந்தார். இத்தனை நாள் அவளுக்கு எட்டிய கொடி இப்போது ஏன் எட்டவில்லை என்று கேட்க அவருக்குத் தெம்பும் இல்லை, ஞாபகமும் இல்லை.

தைலத்துக்கும் வழியில்லாமல் போயிற்று. சுகமான காலுக்கு யார் தேய்ப்பார்கள்? அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, திருடனைப் போல அலமாரியைத் திறந்து இரண்டு சொட்டு மட்டும் எடுத்துத் தடவிக்கொள்வார். குப்பியில் அளவு குறைவது அவள் கண்ணில் பட்டுவிடுமோ என்று ஒரே பயம். அவர் எடுத்ததைவிட அதிகமாகவே குறைந்துகொண்டு வந்தது. மூடி லூசாகி ஆவியாகிறது போலிருக்கிறது என்று முடிவு கட்டி, இறுக்கித் திருகி வைத்தார்.

வெள்ளிக்கிழமை சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிதானமாகப் படியேறி வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. "பரவாயில்ல, நிக்கிறேன். உட்கார்ந்தா நேரமாயிடும்" என்றார்.

மனைவி உள்ளே இருந்தாள். இதுதான் சமயம் என்று ரசமட்டம் குரலைத் தாழ்த்தினார். "பாஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் கை தூக்கினது…"

"நீங்க தூக்கல அண்ணே, அது தானா எழும்பினது. பார்த்தேனே. அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"டைல்ஸ்தான் தெரிஞ்சுது."

"பீடத்தையே பார்த்திருக்கீங்க" என்றார் போதகர், கண் கலங்கி. "ஞாயித்துக்கிழமை மேல வந்து முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரம் சொல்லுங்க. நானும் உங்களோட முட்டி போடுறேன். இந்தச் சாட்சி சபைக்கு வேணும். எனக்கும் வேணும்."

கடைசி வார்த்தையை அவர் சொன்ன தோரணை கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. ரசமட்டத்துக்குத் தன் பாடே பெரும்பாடாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. ரசமட்டம் பீடத்துப் படிகளை ஒரு பல்லவியின் உதவியோடு கடந்தார். போதகரும் அவரும் அருகருகே, சபைக்கு முதுகு காட்டி முட்டி போட்டார்கள். வலது முட்டி தரையில் பட்டதும் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. அது அடங்கியதும் எதிரே பார்த்தார். அந்த வரிசை மூக்குக்கு நேரே இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. அவர் வழக்கமாக உட்காரும் மூலையிலிருந்து பார்த்தால்தான் கோணல்.

ஆண்டவரே, இதற்காகவா என்று அவர் மனதுக்குள் கேட்டார். அந்த வாரத்தில் அவர் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

போதகர் ஜெபித்து முடித்தார். சபை "ஆமென்" என்றது. எழுந்திருக்க வேண்டும். ரசமட்டம் இடது காலை ஊன்றிப் பார்த்தார், வலது காலை ஊன்றிப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை. அவமானம் தலைக்கு மேல் வந்த நேரத்தில் வேறு வழி தெரியாமல், "ஸ்தோத்திரம்" என்று உரக்கக் குரல் கொடுத்தார்.

போதகர் அதற்காகவே காத்திருந்ததுபோல அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார். கூரைக்காக நன்றி சொன்னார். மின்விசிறிகளுக்காக நன்றி சொன்னார். மின்விசிறி ஓடாத நாட்களில் வந்த காற்றுக்காகவும் சொன்னார். அவர் குரல் தளரும்போதெல்லாம் ரசமட்டம் ஒரு ஸ்தோத்திரம் போட்டுத் தூக்கிவிட்டார். பின்வரிசைப் பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கின. இப்படிப் பக்தி பொங்கும் ஒரு எழுப்புதலைச் சபை கண்டதே இல்லை என்று சபையின் மூப்பர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

நன்றி சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன கட்டத்தில் போதகர் தலையைச் சாய்த்து, உதடு அசையாமல் சொன்னார்: "அண்ணே, நிறுத்திடாதீங்க. எனக்கு எந்திரிக்க வரல."

ரசமட்டம் திரும்பிப் பார்த்தார். போதகரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"உங்களுக்குமா?"

"ரொம்ப நாளா. வெளிய சொல்லிக்கல. நீங்க சுகமானதைப் பார்த்து, எனக்கும் ஆயிடும்னு துணிஞ்சு போட்டுட்டேன்."

"பாஸ்டர்," என்றார் ரசமட்டம், "எனக்கு ஆகவே இல்ல."

அப்போது சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. மனைவி படியேறி வந்து, ஜெபிக்க வந்தவள்போல இருவருக்கும் நடுவே குனிந்தாள்.

"முடியலையா?" என்றாள் மெதுவாக.

ரசமட்டம் தலையை மட்டும் நிமிர்த்தினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே தெரியும். சும்மா இருக்கும்போது என்னைக்கு நீங்க பாடியிருக்கீங்க? நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அப்ப ஆபரேஷன்?"

"நான் யாருகிட்டயும் வேண்டாம்னு சொல்லல. விசுவாசம் வேற, டாக்டர் குடுத்த தேதி வேற. வியாழக்கிழமை போறோம். ரெண்டு பேரும் என் தோளைப் பிடிங்க."

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தார்கள். அவள் மூச்சை உள்ளே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இரண்டு ஆண்களும் எழுந்து நின்றார்கள். சபை கைதட்டியது.

போதகர் ஒலிவாங்கியை நீட்டினார். ரசமட்டம் அதை வாங்கி, ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னார். "அன்னைக்கு நான் கை தூக்கினது டைல்ஸ் நேரா இருக்கான்னு பார்க்க. என் முட்டி சுகமாகல. வியாழக்கிழமை ஆபரேஷன். நான் பொய்யா நடந்ததைத் தெரிஞ்சும், தேதியை விடாம வெச்சிருந்த என் வீட்டுக்காரிக்காக ஸ்தோத்திரம்."

கைதட்டல் நின்றது. "எவ்வளவு தாழ்மை பாருங்க" என்றார் மூப்பர்.

போதகர் பிரசங்கப் பீடத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். "தாழ்மை இல்லங்க, நிஜம். எனக்கும் முட்டி போச்சு. இவங்க தூக்கலேன்னா சாயங்காலம் வரைக்கும் ஜெபம் பண்ணியிருப்பேன். இன்னைக்கு வேற விதமா கேக்குறேன். யாருக்கெல்லாம் எங்கயாவது வலிக்குதோ, கையை உயர்த்துங்க."

முதலில் ஆர்கன் வாசிக்கிறவரின் கை எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் மூப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தன் கையையும் உயர்த்தினார். போன வாரம் ஒற்றைக் கை நின்ற இடத்தில் இப்போது கை எண்ணி மாளாது போலிருந்தது.

ரசமட்டம் பக்கத்தில் திரும்பினார். அவர் மனைவியும் கையை உயர்த்தியிருந்தாள். உயர்த்தப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வலது கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் எழவில்லை. இடது கையால் முழங்கையைத் தாங்கி, வலியில் கண்ணைச் சுருக்கி நின்றாள்.

இறக்கிக் கட்டிய கொடி அவர் நினைவுக்கு வந்தது. ஆவியாகிப்போன தைலம் நினைவுக்கு வந்தது. சற்றுமுன் இரண்டு ஆம்பிளைகள் தொங்கி எழுந்த தோள் அதுதான் என்பதும் உறைத்தது. காலமெல்லாம் தரையின் கோணலைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, ஒரே வீட்டில் இருந்தவளின் தோள் தெரியாமல் போயிற்று. பொய்ச் சுகத்துக்குக் கூச்சப்பட்டதைவிட இதற்கு ஆயிரம் மடங்கு கூச்சப்பட்டார்.

மதியம் வீட்டுக்கு வந்ததும், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தைலக் குப்பியை எடுத்தார். அவரே இறுக்கித் திருகிய மூடி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. திறந்து, உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, அவள் தோளில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"மெதுவாங்க. நான் ஒண்ணும் தரை இல்ல."

"எத்தனை நாளா வலிக்குது?"

"அது ஆச்சு ரொம்ப நாள். மொதல்ல உங்க முட்டி முடியட்டும்னு இருந்தேன்."

அவர் அழுத்தத்தைக் குறைத்து, தோளின் வளைவோடு கையை ஓட்டினார். இதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று முன்பு கேட்ட அதே வாயால், சத்தம் வராமல் "ஸ்தோத்திரம்" என்றார்.

அவளுக்கு எப்படியோ கேட்டுவிட்டது. "எங்கயாவது வலிக்குதா உங்களுக்கு?" என்று திரும்பிப் பார்த்தாள்.