நிமிடத்துக்கு நூற்று எழுபத்தாறு

மச்சான் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மேலுதட்டை இரண்டு விரலால் மடித்துக் காட்டினான். உள்ளே பல் பதிந்த தடம் சிவந்திருந்தது. இசை ஆய்வாளர் அதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்.

"நூத்தி அறுவத்தொண்ணு வந்துடுச்சு. இன்னும் பதினஞ்சு வேணும்."

"மாமா, இது மனுசன் வாசிக்க எழுதினதா, தையல் மெஷினுக்கு எழுதினதா?"

மச்சான், ஆய்வாளருடைய மனைவியின் தம்பி, தீயணைப்புப் படையின் பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பவன். எரியும் கட்டடத்துக்குள் இரண்டு முறை போய் முழுசாகத் திரும்பியிருக்கிறான். இந்த சொனாட்டா என்னும் மேற்கத்திய இசைப் படைப்பின் மூன்றாம் பகுதிக்குள் போய் ஒருமுறைகூட அப்படித் திரும்பியதில்லை.

அந்த மூன்றாம் பகுதியை அதை எழுதிய மேதை என்ன வேகத்தில் வாசிக்கச் சொன்னார் என்பதுதான் ஆய்வாளரின் ஏழு வருட ஆராய்ச்சி. மேதை காலமாகிவிட்டார். ஆனால் அச்சிட்ட தாளின் தலையில் நிமிடத்துக்கு 176 தட்டு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. "எழுதியே இருக்கே, அப்புறம் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டது அவர் மனைவி மட்டும்தான். மற்றவர்கள் படித்தவர்கள், கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆய்வாளரின் வழிகாட்டியான பேராசிரியரின் நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தைப் படிக்க வேண்டி வந்திருக்கும். 176 என்பது வெறும் எண் அல்ல, இயந்திர யுகத்தின் மூச்சிரைப்பு என்று அதில் அவர் நிறுவியிருந்தார். அந்த வேகத்தில் வாசிக்க முடியாதவர்கள், அதாவது இதுவரை முயன்ற அத்தனை பேரும், ஆன்மாவில் சோம்பல் உள்ளவர்கள் என்பது ஏழாம் அத்தியாயம். பேராசிரியர் எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. அந்த வகையில் அவர் ஆன்மாவைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் முன்னால் மச்சான் வாசிக்க, ஆய்வாளர் விளக்க, பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதத்தோடு ஆய்வாளரின் பட்டப் பதிவுக்காலம் முடிகிறது. பட்டம் வராவிட்டால் கல்லூரியில் அவருக்கிருக்கும் தற்காலிக வேலையும் போய்விடும்.

இந்த நிலையில்தான், ஆய்வேட்டின் அட்டைக்கு ஒரு புகைப்படம் வாங்க, மேதையின் மகளைத் தேடிப் போனார். மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற அம்மாள், எண்பது வயது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். ஆய்வாளர் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"அந்த நூத்தி எழுவத்தாறு என் வேலை தம்பி."

"புரியலம்மா."

"எனக்கு ஒம்பது வயசு. தினம் அரைமணி பியானோ. வேகத்துக்குத் தட்டிக் காட்டுற மெட்ரோனோம்ல நம்பர் நூறுல நிக்கணும்னு அம்மாவோட உத்தரவு. அவங்க நம்பரைத்தான் பாப்பாங்க, சத்தத்தைக் கேக்க மாட்டாங்க. நான் மூணு சூயிங் கம் மென்னு, ஆடுற கம்பியோட உச்சியில பின்பக்கமா ஒட்டிட்டேன். கனம் ஏறினா மெதுவாதானே ஆடும்? நம்பர் நூறு, ஆட்டம் எழுவது. நிம்மதியா இருந்துச்சு."

"அதுக்கும் சொனாட்டாவுக்கும்..."

"அந்த வாரம்தான் பதிப்பாளர் வேகத்துக்கு நம்பர் கேட்டு எழுதினாரு. அப்பா வாய்க்குள்ள பாடிக்கிட்டே, வேகம் ஏறணும்னு கம்பியில இருக்கிற குண்டை இறக்கி இறக்கி வெச்சுப் பாத்தாரு. அவர் பாட்டுக்குச் சரியா வந்தப்ப குண்டு நூத்தி எழுவத்தாறுல நின்னுச்சு. எழுதி அனுப்பிட்டாரு. அச்சாகி வர்றதுக்குள்ள போயும் சேர்ந்துட்டாரு."

"நீங்க சொல்லலியா?"

"அடி விழும்ல?"

"அப்புறமாவது?"

"அப்புறம் உங்க பேராசிரியர் தலகாணி மாதிரி ஒரு புத்தகம் அனுப்பினாரு. அவ்ளோ எழுதின மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது? பாவமா இருந்துச்சு."

அலமாரியிலிருந்து மெட்ரோனோமை எடுத்து வைத்தார். கம்பியின் பின்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி கல்லாகியிருந்தது. ஆய்வாளர் குண்டை 176-இல் வைத்து, ஸ்டாப்வாட்சோடு மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் நூற்று இருபத்தெட்டு. ஏழு வருடம் தேடியது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் இரண்டாம் மாடி வரை இருந்தது. கீழே வருவதற்குள் பேராசிரியரின் கையெழுத்து நினைவுக்கு வந்துவிட்டது.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். பொறுமை அவருக்குப் பழக்கமில்லாததால் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஆதாரம்?"

"அதுலயே ஒட்டிக்கிட்டு இருக்கு சார்."

"யாரோ மென்னு துப்பினதை அடிக்குறிப்புல எப்படிய்யா போடுவே?"

ஆய்வாளர், தொழில் பழக்கத்தில், உண்மையிலேயே யோசித்தார். ஆசிரியர் தெரியும், ஆண்டு தெரியும். பக்க எண்தான் இல்லை.

"வெள்ளிக்கிழமை நூத்தி எழுவத்தாறு. இல்லேன்னா என் கையெழுத்து இல்ல," என்ற பேராசிரியர், கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இருபத்தாறு வருஷம்யா. வேகம் பத்தலைன்னு எத்தனை பசங்களை ஃபெயிலாக்கியிருக்கேன் தெரியுமா?"

ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, விஷயத்தைச் சொல்லாமல், "நூத்தி இருபத்தெட்டுல ஒருதடவ வாசிடா" என்றார். மச்சான் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வாசித்தான். இத்தனை நாள் தகரக் கூரையில் ஆணி கொட்டியதுபோல் இருந்தது, இப்போது ஒருத்தர் பேசி, இன்னொருத்தர் பதில் சொல்வதுபோல் கேட்டது. நடுவில் ஒரு கிண்டல்கூட இருந்தது. மனைவி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"நல்லாருக்கே. இது வேற பாட்டா?"

"அதேதான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். இருவரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப எந்த வேகம் மாமா? நீ சொல்றதுதான். உதடு கிழிஞ்சாலும் முட்டிப் பாக்கறேன்."

"கிழிய வேணாம்," என்றாள் மனைவி. "வேலை போனா வேற பாக்கலாம். ஏழு வருஷமா அந்தாளு என்ன நினைச்சார், அந்தாளு என்ன நினைச்சார்னு என் உயிரை வாங்கினீங்க. இப்ப தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரி நிப்பீங்களா?"

ஆய்வாளர் ஸ்டாப்வாட்சை எடுத்துத் துடைத்தார். வியாழக்கிழமையும் துடைத்தார்; எந்த வேகம் என்பது மட்டும் முடிவாகவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கில் மூன்று தேர்வாளர்கள், பாதி தூக்கத்தில் சில மாணவர்கள், முன்வரிசையில் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு பேராசிரியர். மூன்றாம் பகுதியை ட்ரம்பெட் தனியாகத் தொடங்கும். நான்கு எண்ணி வேகத்தைக் கொடுப்பது ஆய்வாளரின் பொறுப்பு. மச்சான் சீருடையில் வந்திருந்தான். கருவியைத் தூக்கி, மூச்சை இழுத்து, மாமாவின் கையையே பார்த்தான்.

ஆய்வாளர் கையை உயர்த்தினார்.

"ஒண்ணு."

பேராசிரியரின் ஷூ நுனி தரையில் தட்டியது. நூற்று எழுபத்தாறின் வேகத்தில் உடனே மேலே எழுந்தது. "ரெண்டு" இன்னும் வரவில்லை. அவர் குதிகாலை ஊன்றியபடி, நுனியைத் தூக்கியபடி, எப்போது இறக்குவது என்று தெரியாமல் அந்த ஷூவை அப்படியே வைத்திருந்தார்.